தெளிவு என்று நான் குறித்தவை

2011 ஜூன் 14, செவ்வாய்

இன்று ஆறு சளி ஸ்லைடு. இரண்டில் டிபி கிருமி. சாயம் தீர்ந்துபோய்ப் புதிதாகக் கலக்கினேன், விரல் நுனியெல்லாம் இன்னும் ரோஸ்.

சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அறிவுமதி. அங்கே என்ஜினீயரிங் காலேஜில் லெக்சரர், பிஎச்.டி. பண்ணுகிறாளாம். என் மைக்ராஸ்கோப்பின் திருகில் ஒரு சின்ன மோட்டாரைப் பூட்டப்போகிறாள். மைக்ராஸ்கோப் தானாகவே ஃபோகஸ் பண்ணிக்கொள்ளும், படம் கம்ப்யூட்டரில் வரும், நான் திரையைப் பார்த்து ரிசல்ட் எழுதினால் போதும். மணவாளன் டாக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். "சந்திரலேகா இருபத்திரண்டு வருஷமா இந்த லேப்ல இருக்காங்க. இந்த ஆஸ்பத்திரிக்கே கண்ணு அவுங்கதான்" என்று அவளிடம் சொன்னார்.

ஸ்லைடு பெட்டியை எடுக்கிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஒரு மாதமாகக் கண்ணில் பனி மூடின மாதிரி இருக்கிறது. வலது கண்ணில் ஜாஸ்தி. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். கண்ணாடியில் அழுக்கில்லை.

ஜூன் 15

அப்பாவுக்கு ஐம்பதில் ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டில் முழுசாக இருட்டு. கண்ணுக்குள்ளே அழுத்தம், நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள்.

எனக்கு நாற்பத்தேழு.

ஜூன் 26, ஞாயிறு

இவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே சிதம்பரம் போனேன். டிரைவர் பொண்டாட்டி என்று கண்டக்டர் முன் சீட்டைப் பிடித்து வைத்திருந்தார்.

காலேஜில் ஆள் இல்லாத கம்ப்யூட்டர் அறை. அறிவுமதி விளக்கினாள். ஒரே இடத்தைத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முப்பது படம் எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் பார்த்து நான் 'தெளிவு', 'மங்கல்' என்று குறிக்கவேண்டும். அப்படி மூவாயிரம் படம் பார்த்தால் மெஷின் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுமாம்.

"இதுக்கு மனுஷங்க எதுக்கு? கணக்குப் போட்டு அதுவே கண்டுபிடிக்காதா?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாத்தேன்க்கா. வெறும் கணக்குன்னா சாயத் தூள் மேல போய் நின்னுடுது. தூளு ஷார்ப்பா இருக்கில்ல, அதான் சரின்னு நெனச்சிக்குது. பழகின கண்ணு எங்க நிக்கும்னு அதுக்குக் காட்டணும். நீங்க என்ன சொல்றீங்களோ அதான் அதுக்கு வேதம்."

எண்ணூறு படம் முடித்தேன். பாதிக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

ஜூலை 10, ஞாயிறு

இன்று அறிவுமதி ஒரு படத்தில் நிறுத்தினாள். "அக்கா, இதுக்கு தெளிவுன்னு போட்டிருக்கீங்க. எனக்குக் கொஞ்சம் மங்கலா தெரியுது. இதுக்கு ரெண்டு படம் தள்ளித்தானே நல்லா இருக்கு?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நீ எத்தன வருஷமா டிபி ஸ்லைடு பாக்கற? நான் இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. "சாரிக்கா" என்று அடுத்த படத்தைப் போட்டாள்.

அவள் சொன்னதுதான் சரியாக இருக்குமோ?

ஆகஸ்ட் 8, திங்கள்

மெஷின் ஓட ஆரம்பித்தது. டிர்ர்ர் என்று மோட்டார் சுற்றுகிறது, நிற்கிறது, படம் விழுகிறது. அடுத்த இடம். நூறு இடம் முடிய இருபது நிமிஷம். டாக்டர் கை தட்டினார். அறிவுமதி கண் கலங்கிவிட்டாள்.

நானும் கை தட்டினேன். எனக்கு வேறு சந்தோஷம். இனிமேல் மைக்ராஸ்கோப்பின் அந்த இரண்டு குழாயில் கண்ணை வைத்துத் தவிக்கவேண்டாம். திரை பெரிசு. எனக்குத் தெரிகிறது. தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 19

ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடையும் முதலில் நான் பழையபடி கண்ணால் பார்த்து நோட்டில் ஒரு கட்டத்தில் எழுதவேண்டும். பிறகு மெஷின் படத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதவேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அறிவுமதியின் ஆராய்ச்சி.

நான் மெஷினை முதலில் பார்க்கிறேன். அதையே இரண்டு கட்டத்திலும் எழுதுகிறேன்.

பத்து நாளாக.

செப்டம்பர் 4, ஞாயிறு

வீட்டில் யாருமில்லாதபோது இடது கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். பெரிய தேதி தெரிந்தது. கீழே ராகுகாலம் தெரியவில்லை. ஒரு அடி கிட்டே போனேன். அப்போதும் இல்லை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். பரவாயில்லை, ஆனால் முன்பு போல இல்லை.

கண் டாக்டரிடம் போனால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தை வேண்டாம். அது தெரியாதவரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது, நடமாட்டம் இருக்கிறது. தெரிந்துவிட்டால்? அப்பா சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்குப் போனது இப்போதும் கண்முன் நிற்கிறது.

அக்டோபர் 11, செவ்வாய்

காடாம்புலியூரிலிருந்து ஒரு பெண். இருசம்மாள், முப்பது வயது இருக்கும். முந்திரி உடைக்கிற வேலை, கையெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருக்கிறது. ஒரு மாத இருமல். இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. சளி டப்பாவைக் கொடுக்கும்போது "யக்கா, டிபியா இருக்குமா? இருந்தா இதுக்கும் ஒட்டிக்குமா?" என்று குழந்தையைக் காட்டிக் கேட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்மா. பயப்படாத" என்றேன்.

அக்டோபர் 12

இருசம்மாள் இரண்டு ஸ்லைடும் நெகட்டிவ். படமெல்லாம் வெறும் நீலம். இருமலுக்கு மாத்திரை எழுதி அனுப்பினார் டாக்டர். போகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 3

இவர் இன்று பிடித்துக்கொண்டார். "அரிசில கல்லு பொறுக்கவே மாட்டேங்கற. ஊசில நூல் கோக்க என்னக் கூப்புடற. என்னா லேகா, கண்ணு தெரியலயா?" வருஷா வருஷம் லைசென்சுக்குக் கண் காட்டுகிறவர், அவருக்குத் தெரியாதா. வயசாகுது, உங்க வேலையப் பாருங்க என்று கத்திவிட்டேன். சாப்பிடாமல் டூட்டிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 21, திங்கள்

இருசம்மாள் திரும்பி வந்திருக்கிறாள்.

என்னால் எழுதவே முடியவில்லை. பாதியாக இளைத்துவிட்டாள். முந்தானையில் ரத்தம். குழந்தையை அவள் புருஷன் தூக்கிக்கொண்டு நின்றான். எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் ஓட்டை மாதிரி தெரிகிறதாம். டாக்டர் லேபுக்கே வந்துவிட்டார். "எப்படிம்மா ரெண்டு ஸ்லைடும் நெகட்டிவ் வந்துச்சி? எனக்குப் புரியல. புதுசா எடுத்துப் பாருங்க."

பார்த்தேன். மோட்டார் சுற்றியது, நின்றது. நீலத்தின் மேல் லேசாக ஒரு சிவப்புக் கலக்கம். சாயம் சரியாகக் கழுவவில்லையா? இல்லை அதுதானா? குழாயில் கண்ணை வைத்துத் திருகைத் திருப்பினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணுமே தெரியல.

"நாளைக்குச் சொல்றேன் சார், சாயம் சரியா ஏறல" என்று பொய் சொன்னேன். அவர் எக்ஸ்ரேயை நம்பி அவளை வார்டில் சேர்த்துவிட்டார். அந்த மட்டும் நல்லது.

நவம்பர் 22

அறிவுமதிக்குப் போன் பண்ணினேன். மெஷினில் ஏதோ கோளாறு, வா என்று மட்டும் சொன்னேன். நாளை மறுநாள் வருகிறாள். அக்டோபர் ஸ்லைடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன்.

அவை தவறி விழுந்து உடைந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நவம்பர் 24, வியாழன்

அறிவுமதி லேப்டாப்பைத் திறக்கப் போனாள். "அத விடு. மோட்டார கழட்டிட்டு நீயே குழாயில பாரு. கையால திருப்பு" என்றேன். அக்டோபர் ஸ்லைடை வைத்தேன்.

மெதுவாகத் திருப்பினாள். நிறுத்தினாள். இன்னும் துளி திருப்பினாள்.

"என்னா தெரியுது?"

"சிவப்பா... சின்னச் சின்னக் குச்சி மாதிரி. அங்கங்க நாலஞ்சி."

டிபி கிருமி அப்படித்தான் இருக்கும்.

அவள் மோட்டாரை மாட்டி அதே இடத்தில் ஓட்டிப் பார்த்தாள். குச்சிகள் தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அங்கேயே. மேலிருந்து இறங்கி வரும்போது, தெளிவு என்று முதலில் தோன்றுகிற இடத்திலேயே நின்றுவிடுகிறது. "ஏன் இங்க நிக்கிது? இது மங்கல்தானே? இத யாரு தெளிவுன்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். கண்ணை, இரண்டு கட்டத்தை, எல்லாவற்றையும்.

அவள் மோட்டாரை அணைத்தாள். பிறகு, "உங்க கண்ணத்தான் அது கத்துக்கிச்சிக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் கட்டுரை போன மாதம்தான் ஒரு மாநாட்டுக்குப் போயிருக்கிறது. அதிலே என் நோட்டின் இரண்டு கட்டமும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவதாக எழுதியிருக்கிறாள். "அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நூத்துக்கு நூறு எங்கியும் வராது. எனக்கு அது நல்லா இருந்துச்சி, விட்டுட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 25

இவரிடம் சொன்னேன். நான் அழவில்லை, இவர் அழுதார். "மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னா புலியா கரடியா?" பிறகு, "டாக்டர்கிட்ட நானும் வரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 26, சனி

டாக்டரிடம் சொன்னோம். அறிவுமதி பேச ஆரம்பித்தாள், நான் தடுத்து நானே சொன்னேன்.

மணவாளன் டாக்டர் கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எத்தன பேரு?"

"தெரியாது சார். ஆகஸ்ட் எட்டுலேருந்து நெகட்டிவ்னு நான் எழுதினது நூத்தித் தொண்ணூத்தி மூணு பேரு."

"நூத்தித் தொண்ணூத்தி மூணு பேர நான் ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். என் கையெழுத்துல." அவ்வளவுதான் சொன்னார்.

திங்கள் முதல் நான் லேபுக்குள் போகக்கூடாது. வெளியிலிருந்து இரண்டு டெக்னீஷியன் வந்து எல்லா ஸ்லைடையும் பார்ப்பார்கள்.

டிசம்பர் 6

ஐந்து பேர்.

டிசம்பர் 7

மூன்று பேர் போனில் கிடைத்துவிட்டார்கள். இருசம்மாள் வார்டிலேயே மருந்து ஆரம்பித்து ஊருக்குப் போய்விட்டாள். குழந்தைக்கும் தடுப்பு மாத்திரை. ஐந்தாவது ஆள் சின்னையன், பண்ருட்டி, பலாப்பழ மண்டியில் லோடு ஏற்றுகிறவர். கொடுத்த நம்பர் அடிக்கவே இல்லை. நான் போகிறேன் என்றேன். டாக்டர் தலையாட்டினார்.

டிசம்பர் 8, வியாழன்

மண்டியில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் பந்தல் போட்ட குழி இன்னும் மூடவில்லை.

நவம்பர் 23 அன்று இறந்துவிட்டார். பதினைந்து நாள் ஆகிறது. கட்டி கட்டியாக ரத்த வாந்தி எடுத்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே.

அவர் மனைவி ரத்தினம்மாள். எனக்கு மோர் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு டிபி இருந்தது, ஸ்லைடில் இருந்தது, நான் இல்லை என்று எழுதிவிட்டேன், என் கண் தெரியவில்லை, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்ற? நீ சொல்லாம இருந்திருந்தா, அவருக்கு அவ்ளோதான்னு மனச தேத்திகினு கெடந்திருப்பேன். இப்ப நான் என்னா பண்ணுவேன், சொல்லு?"

என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருமல் வந்தால் உடனே வரவேண்டும் என்று பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 9

ஒன்றும் எழுத முடியவில்லை.

டிசம்பர் 31, சனி

நேற்று விடிகாலையில் புயல் கரை ஏறியது. எங்கள் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. எதிர்வீட்டு ஓடு எங்கள் வாசலில் கிடக்கிறது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை. இருசம்மாளுக்குத் திங்கள், புதன், வெள்ளி மாத்திரை நாள். யார் கொடுத்திருப்பார்கள்? மருந்து விட்டுப்போனால் கிருமி முரண்டு பிடிக்கும். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

2012 ஜனவரி 2, திங்கள்

டாக்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு இவருடைய டிவிஎஸ் வண்டியில் போனோம். நெல்லிக்குப்பம் தாண்டியதும் ரோடே இல்லை, மரத்தின் மேல் மரம். மூன்று இடத்தில் வண்டியைத் தூக்கித் தாண்டினோம். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு படுத்துக்கிடக்கிறது. ஊர் ஜனம் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

இருசம்மாள் கூரை போய்விட்டது. ஸ்கூலில் இருந்தாள். என் கண்முன்னால் மாத்திரையை முழுங்கினாள். ஏழு மாத்திரை, ஒன்றொன்றாக. அவளிடமும் நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், வார்டிலேயே. அவள் என்னிடம் பேசுவதில்லை. இன்று தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இவ்ளோ தூரம் எதுல வந்தீங்க?" என்று இவரைப் பார்த்துக் கேட்டாள்.

ஜனவரி 18

கண் ஆஸ்பத்திரி. இவர் கையைப் பிடித்து உள்ளே தள்ளாத குறை. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள், அழுத்தம் பார்த்தாள்.

"உங்கப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு இல்ல. நரம்பு நல்லா இருக்கு. இது வெறும் புரை. சுகர் இருக்கறதால கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கு. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்."

"எவ்ளோ நேரம் ஆகும் டாக்டர்?"

"ஒரு கண்ணுக்கு இருவது நிமிஷம்."

இவர் சிரித்துவிட்டார், கை எடுத்துக் கும்பிட்டார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. இருபது நிமிஷம். ஜூனிலேயே வந்திருந்தால், சின்னையன் இன்றைக்கு மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 3

இருசம்மாள் இரண்டு மாதச் சளியில் கிருமி இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். நான் வெளியே பதிவு கவுண்டரில் உட்கார்ந்து கேட்டேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

சிதம்பரம். அறிவுமதி மாநாட்டுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. எல்லாப் படத்தையும் புதிதாக எடுத்து, மூன்று பேர் தனித்தனியாகக் குறிக்கிறோம், மூவரும் ஒத்துப்போனால்தான் மெஷினுக்குப் போகும். குறிக்க வருகிற எல்லாருக்கும் முதலில் கண் டெஸ்ட். வரிசையில் முதல் ஆள் நான்.

பழைய படங்களில் ஒன்றைத் திரையில் போட்டுக் காட்டச் சொன்னேன். நான் தெளிவு என்று குறித்தது. இவ்வளவு மங்கலா! பார்க்கமுடியாமல் மூடச் சொல்லிவிட்டேன்.

மே 14

மறுபடி ஸ்லைடு பார்க்க அனுமதி. தனியாக இல்லை, நான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்கவேண்டும். டாக்டர் சொல்லாவிட்டாலும் நானே கேட்டிருப்பேன். ஒவ்வொரு 'நெகட்டிவ்' எழுதும்போதும் பேனா நிற்கிறது.

ஜூன் 12, செவ்வாய்

காலையில் ரத்தினம்மாள் வந்தாள்.

பதிவு கவுண்டரில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எதிரே போய் நின்றேன். இளைத்திருந்தாள். இரண்டு வாரமாக இருமல் என்றாள்.

"பண்ருட்டியிலயே பாத்திருக்கலாமே" என்றேன், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"பாத்திருக்கலாம். வேற யாராவதுன்னா சட்டுனு இல்லன்னு எழுதிடுவாங்க. நீ இல்லன்னு எழுத பயப்படுவ. அதுக்குத்தான் வந்தேன்." சளி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மெஷினை ஓட்டவில்லை முதலில். குழாயில் கண்ணை வைத்தேன். நூறு இடம் பார்த்தேன். நீலம். இல்லை என்று எழுத நூறு போதும், விதி அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை. ஸ்லைடின் ஓரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். நூற்றி நாற்பத்தேழாவது இடத்தில் ஒன்று. மெல்லிசாக, லேசாக வளைந்து. திருகைத் தொட்டேன், மறையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டு.

புதிதாகக் கற்ற மெஷினை ஓட்டினேன். அதே உயரத்தில் வந்து நின்றது. திரையில் அதே மூன்று. அடுத்த டெக்னீஷியனும் பார்த்து எழுதிய பிறகுதான் என் கட்டத்தில் எழுதினேன்: மூன்று.

வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. "ஆரம்பமா?"

"ஆரம்பம்தான்மா. ரொம்ப ஆரம்பம்."

நாளை புதன்கிழமை. முதல் மாத்திரை.